அஞ்சடிப் பேச்சு: அதற்கு ஏன் மருந்து என்று பெயர் வைத்தோம்?



இந்த முறை ஒரே ஒரு சொல்லிலிருந்து பேச்சைத் தொடங்குகிறேன்.

காலைப் பிரட்டில் மண்டோர் வேலை பிரித்துக் கொடுப்பதை நீங்கள் எத்தனையோ நாள் கேட்டிருப்பீர்கள். “நீ உதிரிப்பழம் பொறுக்கப் போ. நீ மட்டை அடுக்கப் போ. நீ மருந்தடிக்கப் போ.” அந்தக் கடைசி வேலையை நம் மலாய் அண்டை வீட்டுக்காரர் எப்படிச் சொல்கிறார் என்று கவனித்ததுண்டா? அவர் அந்தத் திரவத்தை ‘ராச்சுன்’ என்கிறார். ராச்சுன் என்றால் நஞ்சு. தகரத்தின் மேல் மண்டை ஓட்டுப் படம் போட்டு, அதன் கீழும் அந்தச் சொல்லைத்தான் அச்சடித்திருக்கிறார்கள். நாம் மட்டும் அதை ‘மருந்து’ என்கிறோம். காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, முதுகில் பம்பு கட்டிக்கொண்டு அடிப்பதும் மருந்து.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. மருந்து என்று சொன்னால் பயம் போய்விடுகிறது. என் தாயார் பல ஆண்டுகள் இந்த வேலை செய்தவர். மதியம் வீட்டுக்கு வந்ததும், வேலைச் சட்டையைக் கழற்றி, கைப்பிள்ளையின் துணியோடு சேர்த்தே ஊறவைப்பார். வெளியே நிற்கும் எங்களிடம், “ஒண்ணுமில்லேடா, மருந்து வாடைதான்” என்பார். அது என்ன மருந்து, எதற்கு அடிக்கிறார்கள், உடம்புக்கு என்ன செய்யும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. காலியான தகரத்தைக் கழுவி, குளிக்கிற தண்ணீர் பிடித்து வைத்தோம். லயத்தில் பாதி வீடுகளில் அப்படித்தான்.

ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பையன், ஆரஞ்சு புட்டியில் ஊற்றி வைத்திருந்ததைப் பானம் என்று நினைத்து ஒரு வாய் குடித்துவிட்டான். தோட்டத்து லாரியில் போட்டுப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்தான். அன்று டிரெசர் கேட்ட முதல் கேள்வி, “என்ன மருந்து?” பதில் சொல்ல ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்தக் கேள்வியை இன்று உங்கள் முன்னால் வைக்கிறேன். இத்தனை நஞ்சு நம் தோட்டங்களுக்குத் தேவைதானா? இதைவிடப் பத்திரமான வழி கிடையாதா? உண்டு, வாசகர்களே. அந்த வழிகளில் பல நம் நாட்டு மண்ணிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டவை. கதையைக் கேளுங்கள்.

பைப்புழு சொன்ன பாடம்

செம்பனைக் காட்டில் வேலை செய்பவர்களுக்குப் பைப்புழுவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மலாயில் உலாட் பூங்குஸ். ஓலைத் துணுக்குகளைப் பட்டு நூலால் தைத்து, ஒரு பை செய்து, அதற்குள் இருந்துகொண்டு தலையை மட்டும் வெளியே நீட்டி ஓலையைச் சுரண்டும். கூட்டமாக வந்துவிட்டால் மரம் தீப்பட்டது போல் காய்ந்து நிற்கும். பெண் பூச்சிக்கு இறக்கை கிடையாது. தான் செய்த பையிலேயே வாழ்ந்து, அதற்குள்ளேயே நூறு, இருநூறு முட்டையிட்டுச் செத்துப்போகும். குஞ்சுப் புழுக்கள் நூல் விட்டுத் தொங்கி, காற்று தள்ளும் பக்கம் பறந்து அடுத்த மரத்துக்குப் போய்ச்சேரும்.

ஒரு மரத்தின் ஓலையில் பாதி போய்விட்டால், அடுத்த இரண்டு ஆண்டுகளில் விளைச்சல் நாற்பது விழுக்காடு வரை குறையக்கூடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். குலை குறைந்தால் துரைக்கு மட்டுமா நட்டம்? எடைக்குக் கூலி வாங்குகிறவருக்கும்தான்.

சிலாங்கூரில் தென்னமரம் தோட்டத்தில் 1917 இல் செம்பனை முதன்முதலாக வணிகப் பயிராக நடப்பட்டது. அதற்குப் பின் நெடுங்காலம் பைப்புழு ஒரு பெரிய தொல்லையாக இருக்கவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது, அவ்வளவுதான். 1950களின் பிற்பகுதியிலும் 1960களின் தொடக்கத்திலும்தான் அது காடு காடாகப் பரவியது. புழு திடீரென்று எங்கிருந்து வந்தது?

பிரையன் வூட் என்ற பூச்சியியல் அறிஞர் இதை ஆராய்ந்து, மலேசியச் செம்பனைப் பூச்சிகளைப் பற்றி 1968 இல் ஒரு நூலே எழுதினார். அவர் கண்ட விடை பலரைத் திகைக்க வைத்தது. டி.டி.டி., எண்ட்ரின், டீல்டிரின் போன்ற நஞ்சுகளைப் பரவலாக அடித்த இடங்களில்தான் பைப்புழு அடங்காமல் பெருகியது. அடிப்பதை நிறுத்திய இடங்களில் மெல்ல மெல்ல அடங்கியது. நோயை வளர்த்ததே மருந்துதான்!

எப்படி? பைப்புழுவுக்கு எதிரிகள் உண்டு. கொசுவைவிடச் சிறிய குளவிகள் சில இருக்கின்றன. அவை நம்மைக் கொட்டாது. ஓலை ஓலையாக நடந்து, பையைத் தேடிப் பிடித்து, உள்ளே இருக்கும் புழுவின் மேல் முட்டை வைக்கும். பொரிந்து வரும் குஞ்சு அந்தப் புழுவையே தின்று வளரும். ஊசி போன்ற மூக்கால் புழுவைக் குத்தி உறிஞ்சும் பூச்சியும், பைக்குள் புகுந்து தின்னும் வண்டும்கூட உண்டு. இந்தக் காவல்காரர்கள்தான் இத்தனை காலம் பைப்புழுவைத் தலையெடுக்க விடாமல் வைத்திருந்தவர்கள்.

டி.டி.டி. போன்றவை ஓலையின் மேல் வாரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பட்டதையெல்லாம் கொல்லும். பைப்புழு பைக்குள் பத்திரமாக இருக்கிறது. குளவியோ நாள் முழுதும் அந்த ஓலையில் நடக்கிறது. முதலில் சாவது யார்? வீட்டில் திருடன் புகுந்தான் என்று, காவல் நாயைச் சுட்டுக் கொன்ற கதைதான் இது. பிழைத்த புழுக்கள் பெருகின. பெருகியதும் இன்னும் அடித்தார்கள். அடித்ததும் இன்னும் பெருகின.

இதே கதை சபாவிலும் நடந்தது. தாவாவ் பக்கத்தில் கொக்கோத் தோட்டங்களில் புழு வரவர, ஒன்று மாற்றி ஒன்றாகப் பல நஞ்சுகளை அடித்தார்கள். நிலைமை மோசமானதே தவிர நன்றாகவில்லை. 1961 இல் கோர்டன் கோன்வே என்ற இளம் பூச்சியியல் அறிஞர், “எல்லாத் தெளிப்பையும் நிறுத்துங்கள்” என்று யோசனை சொன்னார். மரமெல்லாம் புழுவாக இருக்கும்போது நிறுத்துவதா என்று யாருக்கும் பயம் வரத்தானே செய்யும்? ஆனாலும் நிறுத்தினார்கள். இலை தின்னும் புழுக்கள் சில மாதங்களில் குளவிகளால் அடங்கின. பைப்புழு மட்டும் விடாமல் நின்றது. அதற்கு மட்டும், சீக்கிரம் வீரியம் இழக்கக்கூடிய ஒரு நஞ்சை அளவோடு அடித்தார்கள். மற்றதை ஒட்டுண்ணிப் பூச்சிகள் பார்த்துக்கொண்டன.

அமெரிக்காவில் ரேச்சல் கார்சன் அம்மையார் பூச்சிக்கொல்லிகளின் கேட்டைப் பற்றி உலகையே உலுக்கிய தம் நூலை வெளியிட்டது 1962 இல். அதே காலத்தில் இங்கே நம் காடுகளிலும் அந்தப் பாடம் படிக்கப்பட்டுக்கொண்டிருந்தது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

யாரை அடிக்கிறோம் என்று பார்த்து அடிப்பது

அதன் பிறகுதான் ஆராய்ச்சியாளர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். எல்லாவற்றையும் கொல்வதை விட்டு, எதிரியை மட்டும் தேடிப் பிடிக்க வேண்டும். இந்த நோக்கில் வந்த வழிகளில் முக்கியமானவற்றைச் சொல்கிறேன்.

ஒரு வழி, நஞ்சு அதேதான், கொடுக்கும் விதம் வேறு. மரத்தின் தண்டில் சாய்வாகத் துளை போட்டு, அளந்த மருந்தை ஊற்றி, துளையை மண்ணால் அடைத்துவிடுவார்கள். நஞ்சு சாற்றோடு ஏறி ஓலைக்குப் போகும். ஓலையைத் தின்னும் புழு சாகும். ஓலையின் மேல் நடக்கும் குளவிக்கு ஒன்றும் ஆகாது. பூச்சியைப் பொறுத்தவரை இது நல்ல யோசனைதான். ஆனால் இதற்கு மோனோகுரோட்டோபாஸ், மெத்தாமிடோபாஸ் போன்ற கடும் நஞ்சுகள் பயன்பட்டன. தோலில் பட்டாலே உள்ளே இறங்கி நரம்பைத் தாக்கக்கூடியவை அவை. குளவி தப்பியது. துளையில் ஊற்றுகிற மனிதனுக்கு? பத்திரம் என்பது பூச்சிக்கு மட்டும் பார்த்தால் போதாது, ஊற்றுகிற கைக்கும் பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட கடும் நஞ்சுகளைக் கையாளுவதற்கென்றே 1996 இல் நம் நாட்டில் தனி விதிமுறைகள் வந்தன.

இரண்டாவது வழி இதைவிட மேலானது. புழுவுக்கு மட்டும் நோய் கொடுப்பது.

1901 இல் ஜப்பானில் பட்டுப்புழுக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. இஷிவாத்தா என்ற அறிஞர் அதற்குக் காரணமான நுண்ணுயிரைக் கண்டுபிடித்தார். 1911 இல் ஜெர்மனியின் துரிஞ்சியா வட்டாரத்தில் மாவுப்பூச்சிப் புழுவில் கண்ட இதே நுண்ணுயிருக்கு பெர்லினர் என்பவர் அந்த வட்டாரத்தின் பெயரையே வைத்தார். சுருக்கமாக பி.டி. என்பார்கள். பட்டு வளர்ப்பவருக்கு எதிரியாக வந்தது, பயிர் வளர்ப்பவருக்கு நண்பனாகிவிட்டது.

இது வேலை செய்யும் விதத்தைக் கேளுங்கள். இந்த நுண்ணுயிருக்குள் கல்கண்டுத் துகள் போல் ஒரு புரதம் இருக்கிறது. இலையோடு சேர்த்துப் புழு இதைத் தின்ன வேண்டும். புழுவின் குடல் சோப்புத் தண்ணீர் போல் காரத்தன்மை உள்ளது. அந்தக் காரத்தில் துகள் கரைந்து நஞ்சாக மாறி, குடலில் ஓட்டை போடும். சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்தும். சில நாளில் சாகும். நம் வயிற்றில் இருப்பது புளிப்பு, காரமல்ல. அந்த நஞ்சு ஒட்டிக்கொள்ளும் இடமும் நம் குடலில் இல்லை. குளவி, தேனீ, மீன், கோழி எதற்கும் இதனால் தீங்கில்லை. ஒன்றை மறைக்கக் கூடாது: பட்டாம்பூச்சியின் புழுவும் புழுதான், அது தின்றால் அதுவும் சாகும். ஆனாலும் டி.டி.டி.யோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ சாது. மலேசிய செம்பனை வாரியமும் பைப்புழுவுக்கென்று இந்த நுண்ணுயிரைக் கொண்டு ஒரு தெளிப்பை உருவாக்கியிருக்கிறது.

மூன்றாவது, காண்டாமிருக வண்டுக்கு எடுத்த வழி. கொம்பு வைத்த இந்தக் கறுப்பு வண்டு, தென்னை, செம்பனைக் கன்றுகளின் குருத்தைத் துளைக்கும். விரிந்த ஓலை கத்தரிக்கோலால் வெட்டியது போல் இருக்கும். 1909 இல் இலங்கையிலிருந்து பசிபிக் கடலில் உள்ள சமோவா தீவுக்குக் கித்தா மரக் கன்றுகள் போயின. அந்த மண்ணில் ஒளிந்து இந்த வண்டும் போய்விட்டது. தென்னையை நம்பி வாழ்ந்த அந்தத் தீவு மக்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் அவதிப்பட்டார்கள்.

1963 இல் ஹூகர் என்ற ஜெர்மானிய அறிஞர் நம் மலாயாவுக்கு வந்தார். இதே வண்டு இங்கேயும் உண்டே, ஆனால் சமோவா அளவுக்கு நாசம் இல்லையே, ஏன் என்று தேடினார். இங்கே வண்டின் புழுக்களை ஒரு வைரஸ் நோய் தாக்குவதைக் கண்டார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘மலாயா நோய்’. 1967 இல் அந்த வைரஸைச் சமோவாவில் விட்டார்கள். வண்டின் கொட்டம் அங்கே பெரிதும் அடங்கியது. நம் மண்ணில் கண்டெடுத்த ஒரு நோய், எங்கோ ஒரு தீவின் தென்னைகளைக் காப்பாற்றியது. இந்த வைரஸ் மனிதரைத் தொற்றாது, வண்டுக்கே உரியது.

இப்போது மறுநடவுக் காடுகளில் வாளி போன்ற பொறி தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும். ஆண் வண்டு தன் இனத்தைக் கூப்பிட விடும் வாசனையை 1990களில் கண்டறிந்து, அதையே செயற்கையாகச் செய்து வைத்திருக்கிறார்கள். வாசனைக்கு வந்த வண்டு வாளியில் விழுகிறது. சாய்த்த பழைய மரங்களைத் துண்டு துண்டாக்கிச் சீக்கிரம் மக்கவிட்டால் வண்டு முட்டையிடவும் இடம் குறையும்.

பூவும் எறும்பும் கூகையும்

செம்பனைக் காட்டின் பாதையோரம் மஞ்சள் நடுவில் வெள்ளைப் பூ பூக்கும் ஒரு செடி நட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். காலை எட்டு மணி வாக்கில் மலர்ந்து, நடுப்பகலில் சுருங்கிவிடும். துர்னேரா என்று பெயர். அழகுக்கு நட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். நான் முன்பு சொன்ன சிறு குளவிகளுக்குத் தேன் வேண்டும். தேன் கிடைத்தால் அவை அதிக நாள் வாழும், அதிகப் புழுக்களைத் தேடும். அந்தச் செடிகள் குளவிகளுக்குப் போட்ட சாப்பாட்டுக் கடை! தெரியாமல் அதன்மேல் களைக்கொல்லி அடித்துவிடாதீர்கள்.

முசுறு எறும்பை, மலாயில் கெரெங்கா என்பதை, பழம் வெட்டுகிறவர்கள் திட்டாத நாளில்லை. கடித்தால் எரியத்தான் செய்கிறது. ஆனால் அது இருக்கும் மரத்தில் புழுக்கள் குறைவு. கி.பி. 304 ஆம் ஆண்டிலேயே சீனர்கள் இந்த எறும்புக் கூட்டை விலைக்கு வாங்கி ஆரஞ்சுத் தோப்பில் தொங்கவிட்டதாக எழுதிவைத்திருக்கிறார்கள்.

எலி பூச்சியல்ல, ஆனாலும் ஒரு வார்த்தை. வெள்ளை முகக் கூகை கத்தினால் அபசகுனம் என்று கல்லெறிகிறோம். அது ஓர் இரவில் பிடிக்கும் எலிகளை எண்ணிப் பார்த்தால், கல்லெறிந்த கையே கும்பிடும். அதற்காகவே தோட்டங்களில் மரப்பெட்டி வீடு கட்டிக் கொடுக்கிறார்கள். நஞ்சு தின்ற எலியைத் தின்றால் கூகையும் சாகும். அங்கேயும் அதே பாடம்தான்.

இன்னொரு சின்ன ஜீவனையும் மறக்கக் கூடாது. மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்: செம்பனைப் பூவுக்கு மகரந்தத் தூளைக் கையால் அடிக்கும் வேலை ஒன்று இருந்தது. மரம் மரமாகப் போய்ப் பெண்கள் செய்த வேலை அது. 1981 இல் ஆப்பிரிக்காவின் கெமரூனிலிருந்து ஒரு சிறு கூன்வண்டைக் கொண்டுவந்து ஜொகூர், குளுவாங் பகுதியில் விட்டார்கள். ரகுமான் சையது என்ற அறிஞரின் ஆராய்ச்சி அது. பிறகு நாடு முழுவதும் அந்த வண்டே மகரந்தம் சேர்க்கிறது. பழக்குலை நிறைவதே இந்த வண்டால்தான். கண்மூடித்தனமாக நஞ்சடித்தால் இவனும் சாவான், குலையும் பொக்காகும்.

அப்படியானால் ஏன் எல்லோரும் மாறவில்லை?

நியாயமான கேள்வி. பத்திரமான வழிகள் எல்லாம் சோம்பேறிகளுக்கு உதவாதவை. பி.டி. தெளித்தால் மழை வந்தால் கழுவிப்போகும், வெயில் பட்டால் வீரியம் குறையும். புழு சின்னதாக இருக்கும்போதே அடிக்க வேண்டும். பெரிதாகிவிட்டால் அவ்வளவாகப் பலிக்காது. வாசனைப் பொறி வந்த வண்டைப் பிடிக்கும், வராத வண்டை ஒன்றும் செய்யாது. கூட்டமாகப் பரவிவிட்ட நேரத்தில் குளவி மட்டும் போதாது. பைப்புழுவின் தொல்லை இன்னும் தீரவில்லை. 2013 இல் அதை ஆபத்தான பூச்சி என்று அரசிதழில் அறிவிக்கும் அளவுக்கு இருந்தது.

எனவே இந்த வழிகளுக்கெல்லாம் ஒரு முதல் தேவை இருக்கிறது. அது பார்க்கிற கண். மாதா மாதம் சில மரங்களில் ஒரு மட்டையை வெட்டி இறக்கி, உயிருள்ள புழு எத்தனை என்று எண்ண வேண்டும். ஒரு மட்டைக்கு ஐந்து, பத்துக்கு மேல் போனால்தான் நடவடிக்கை. அதற்குக் கீழே இருந்தால் குளவியிடம் விட்டுவிடலாம். பையைக் கிழித்துப் பார்த்து, உள்ளே புழு உயிரோடு இருக்கிறதா, குளவிக் குஞ்சு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இதை யார் செய்வது? ஆராய்ச்சியாளர் வருவது ஆண்டுக்கு ஒரு நாள். காட்டில் தினமும் நிற்பவர் நீங்கள். முதல் ஓலை பழுப்பதைப் பார்ப்பவர் நீங்கள். நீங்கள் பார்த்ததை அன்றே மண்டோரிடம் சொன்னால், ஒரு மூலையில் அடிக்க வேண்டியது முழுக் காட்டில் அடிப்பதாக மாறாது. கண் விழித்திருந்தால் நஞ்சு குறையும். இதைத்தான் இன்றைய பேச்சின் சாரமாக உங்களிடம் விட்டுப்போக நினைக்கிறேன்.

வீட்டுத் தோட்டத்துக்கு

லயத்துப் பின்புறத்தில் வெண்டையும் கத்தரியும் பயறும் போட்டிருப்பவர்களுக்கு: தோட்டத்து ஸ்டோரிலிருந்து ‘கொஞ்சம்’ மருந்து கொண்டுவந்து அடிக்காதீர்கள். அது மரத்துக்கு அளந்தது, நாளைக்குச் சமைக்கிற கீரைக்கல்ல.

வேப்பம் பழம் கிடைத்தால், கொட்டையின் பருப்பை ஐம்பது கிராம் எடுத்து நன்றாக இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுதும் ஊறவையுங்கள். காலையில் வடிகட்டிக் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் கலந்து, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். அன்றே தீர்த்துவிடுங்கள். பழம் இல்லையென்றால் கடையில் விற்கும் வேப்பெண்ணெய் ஐந்து மில்லிலிட்டரை ஒரு லிட்டர் தண்ணீரில் சோப்போடு கலக்கலாம். வேம்பு பூச்சியை உடனே கொல்லாது. தின்னும் ஆசையைக் கெடுத்து, தோல் உரித்து வளர விடாமல் செய்யும். ஆகவே மறுநாளே புழு சாகவில்லையே என்று வருந்த வேண்டாம். பாகல், கொய்யாப் பிஞ்சுகளைப் பழ ஈ கொட்டாமலிருக்கக் காகிதப் பை கட்டுங்கள். அதைவிடச் சாதுவான வழி இல்லை.

ஓர் எச்சரிக்கை: இயற்கையாக வந்ததெல்லாம் சாது என்று எண்ண வேண்டாம். புகையிலை ஊறிய தண்ணீரைச் சிலர் அடிக்கிறார்கள். அதில் உள்ள நிக்கோட்டின் மனிதரையும் கொல்லும் நஞ்சு.

அக்கா தங்கைகளுக்கு

எத்தனை நல்ல வழி வந்தாலும் நாளைக் காலையிலேயே பம்பு முதுகிலிருந்து இறங்கிவிடப் போவதில்லை. புழுவுக்கு அடிப்பது குறைந்தாலும் களைக்கு அடிப்பது இருக்கிறது. பாராகுவாட் என்ற கொடிய களைக்கொல்லி நம் நாட்டில் தடையானதே 2020 ஜனவரி முதல் நாளில்தான். அதனால் இதை மனத்தில் வையுங்கள்.

அடிப்பதன் பெயர் என்ன, எவ்வளவு கடுமை என்று கேளுங்கள். 1994 ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், வேலை செய்பவரின் பாதுகாப்புக்குத் தேவையான விவரத்தையும் பயிற்சியையும் கொடுக்க முதலாளியைக் கடமைப்படுத்துகிறது. கேட்பது வாயாடித்தனம் அல்ல. தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் நாலு பேர் சேர்ந்து, இல்லையேல் சங்கத் தலைவர் மூலமாகக் கேளுங்கள். தமிழோ மலாயோ படிக்கத் தெரியாத வெளிநாட்டுத் தொழிலாளி இன்று உங்கள் பக்கத்தில் நிற்கலாம். அவருக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

பிள்ளைத்தாய்ச்சியும் பால் கொடுக்கும் தாயும் இந்த வேலைக்குப் போக வேண்டாம். வேறு வேலை கேளுங்கள். காற்றுக்கு எதிராக அடிக்காதீர்கள். அடைத்த முனையை வாயால் ஊதாதீர்கள். வேலைத் துணியைத் தனி வாளியில் துவையுங்கள், குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். பானப் புட்டியில் எந்த நஞ்சையும் ஊற்றாதீர்கள். காலித் தகரத்தில் ஓட்டை போட்டு ஸ்டோரில் திருப்பிக் கொடுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் நீங்களாக வாந்தி எடுக்க வைக்காமல், அந்தத் தகரத்தையோ அதன் லேபிளையோ கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பினாங்கில் தேசிய நச்சு மையம் இருக்கிறது. டாக்டர்கள் அங்கே கேட்டுக்கொள்வார்கள். ஆனால் பெயர் தெரிந்தால்தான் கேட்க முடியும்.

என் தாயார் இன்று இல்லை. கடைசிக் காலம் வரை மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருந்தார். அது அந்த வேலையால்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. எந்த நாளில் எதை அடித்தார் என்று எழுதிவைத்தவர் யாரும் இல்லை. அந்தத் தெரியாமையைத்தான் இனி ஒரு வீட்டுக்கும் விட்டுவைக்கக் கூடாது என்கிறேன்.

வாசகர்களே, இன்றிலிருந்து ஒரு காரியம் செய்வோம். வீட்டில் பிள்ளைகள் முன்னால் அதை மருந்து என்று சொல்வதை நிறுத்துவோம். “அம்மா நஞ்சடிக்கப் போகிறேன்” என்று ஒரு நாள் சொல்லிப் பாருங்கள். “ஏம்மா?” என்று உங்கள் பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போது, குளவியும் பூவும் வாசனைப் பொறியும் தானாகவே பேச்சுக்கு வரும்.

அடுத்த இதழில் மீண்டும் அஞ்சடியில் உட்கார்ந்து பேசுவோம். வணக்கம்.